மூடுபல்லக்கு

பொன்னியின் செல்வனில் யாரைப் பிடிக்கும் என்று பேச்சு வந்தால் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். குந்தவை கட்சி, நந்தினி கட்சி, பூங்குழலிக்காக உயிரை விடும் ஒரு சின்னக் கட்சி. எனக்குப் பிடித்தது ஆளே இல்லை. பழுவூர் இலச்சினை போட்ட அந்த மூடுபல்லக்கு. கல்கி எழுதியது சரித்திரக் கதை என்பார்கள், காதல் கதை என்பார்கள். முதல்தரமான துப்பறியும் கதை என்பேன் நான். அதற்குப் பல்லக்குதான் சாட்சி.

பல்லக்கு வருகிற வரிசையைப் பாருங்கள். பெரிய பழுவேட்டரையரின் பரிவாரத்தோடு அது போகும்போது உள்ளே அவருடைய இளையராணி நந்தினி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆழ்வார்க்கடியானும் அப்படித்தான் நம்புகிறான். கடம்பூர் மாளிகை அந்தப்புரத்திலோ இளையராணி வந்ததற்கு அடையாளமே இல்லை. நள்ளிரவில், மேலிருந்து மறைந்து பார்க்கிற கதாநாயகன் வந்தியத்தேவனுக்கு விடை கிடைக்கிறது: பல்லக்கிலிருந்து இறங்குவது அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகன். இத்தோடு நின்றிருந்தால் நல்ல திருப்பம், அவ்வளவுதான். கல்கி அதே பல்லக்கைத் தஞ்சாவூர்ச் சாலையில் மறுபடியும் கொண்டுவருகிறார். இந்த முறை நம் ஆளுக்குத்தான் எல்லாம் தெரியுமே! உள்ளே மதுராந்தகன்தான் என்று முடிவுகட்டி, வேண்டுமென்றே குதிரையை மோதவிட்டு, பல்லக்குக்காரர்கள் இடித்துவிட்டார்கள் என்று கூச்சல் போடுகிறான். திரை விலகுகிறது. நந்தினி!

துப்பறிகிறவன் ஒரு முறை சரியாகக் கண்டுபிடித்ததே அடுத்த முறை அவன் கண்ணைக் கட்டிவிடுகிறது. இந்தத் தவறால் அவனுக்கு நந்தினியின் அறிமுகம் கிடைக்கிறது, பனை இலச்சினை மோதிரம் கிடைக்கிறது, தஞ்சைக் கோட்டைக் கதவு திறக்கிறது. பின்னால் வருகிற ஆபத்தெல்லாம் அந்த மோதிரத்தின் வழியாகத்தான் வருகிறது. பின்னல் மிஷினில் ஓர் ஊசி பழுதானால் துணி நெடுகக் கோடு விழுந்துகொண்டே போகுமே, அதுபோல இந்த ஒரு தப்புக் கணக்கின் கோடு கதை முழுக்க ஓடுகிறது.

இங்கிலாந்தில் ரீஜென்சி காலத்தை வைத்து இப்படிக் கொலைக் கதைகள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ராஜா மூன்றாம் ஜார்ஜுக்குச் சித்தம் கலங்கி, 1811 முதல் 1820 வரை மகன் ஆட்சியைப் பார்த்துக்கொண்ட காலம். சி.எஸ். ஹாரிஸின் செபாஸ்டியன் செயின்ட் சிர் எனக்குப் பிடித்த பிரபு. 2005-ல் வந்த முதல் நாவலிலேயே கொலைப்பழி அவர் தலையில்தான் விழுகிறது. பழியைத் துடைக்கத்தான் துப்பறிய இறங்குகிறார். படித்து முடித்ததும் எனக்கு வல்லத்து இளவரசன் வந்தியத்தேவன் ஞாபகம்தான் வந்தது. இங்கேயும் ராஜா படுக்கையில். சுந்தர சோழருக்குக் கால் வழங்காமல் போக, அதிகாரம் பழுவூர் அண்ணன் தம்பி கைக்குப் போய்விட்டது. அரியணையில் ஆள் இருந்தும் இல்லாத அந்த இடைவெளியில்தான் சதியும் வளரும், இந்த வகைக் கதையும் வளரும்.

துப்பறிகிறவன் ஏன் பிரபுவாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஆங்கிலக் கதைகளைவிடக் கல்கியிடம்தான் ஒழுங்கான பதில் இருக்கிறது. கடம்பூர் மாளிகைக்குள் ஊர்க்காவல்காரன் நுழைய முடியாது. சம்புவரையர் மகன் கந்தமாறனின் தோழன், வாணர் குலத்துப் பிள்ளை நுழையலாம்; அந்தப்புரத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசலாம். ஆனால் கையில் நாடில்லை, மடியில் காசில்லை. குலம் கதவைத் திறக்கும், ஆபத்தில் கைகொடுக்காது. பொக்கிஷ நிலவறையில் கந்தமாறன் முதுகில் கத்தி பாய்ந்தபோதே பழி இவன் மேல் விழுந்துவிட்டதே. பெரிய பழி வருமுன் கல்கி வைத்த ஒத்திகை அது.

குந்தவைதான் உண்மையான துப்பறிவாளர் என்று வாதாடுகிறவர்களை எனக்குத் தெரியும். மறுக்கவில்லை. பழையாறையில் இருந்தபடியே சேதிகளைக் கோத்து, அண்ணன் ஆதித்த கரிகாலனுக்கு என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே ஊகித்தவள் அவள்தான். ஆனால் அவள் கணக்கு தப்புவது குறைவு. தப்பே செய்யாதவரோடு கூடவே ஓடி மூச்சு வாங்க நமக்கு வாய்ப்பில்லை.

வழக்கமான கொலைக் கதையில் பிணம் முதலில் விழும், விசாரணை பின்னால் வரும். கல்கி தலைகீழாகச் செய்தார். 1950 அக்டோபரில் தொடராகத் தொடங்கிய கதையில், கடைசிப் பாகம் வரை கொலை விழவில்லை. நடக்கப்போகிற கொலைக்குத்தான் நான்கு பாகமும் விசாரணை. சதி தெரியும், கூட்டம் தெரியும், இடம்கூடத் தெரியும். அப்படியும் ஆதித்த கரிகாலன் கடம்பூருக்குப் போகிறான். யாழ்க் களஞ்சியத்துக்குள் ஒளிந்திருக்கும் வந்தியத்தேவனின் கழுத்தை ஏதோ ஒரு கை நெரிக்கிறது, விளக்கு அணைகிறது. நாலு பாகம் நம் கண்ணாக இருந்தவனைச் சரியாக அந்த நொடியில் குருடாக்கிவிட்டு, குற்றவாளியாகவும் நிறுத்துகிறார். அப்புறம் வாக்குமூலத்துக்கா பஞ்சம்? காதலால் கந்தமாறன் தங்கை மணிமேகலை நான்தான் என்கிறாள், பெரிய பழுவேட்டரையரும் நான்தான் என்கிறார்.

இங்கேதான் பலருக்குக் கல்கியோடு மனத்தாங்கல். எங்கள் ஊர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்த ஒருவர் ஐந்து பாகத்தையும் கரைத்துக் குடித்தவர். டீ நேரத்தில் வம்புக்கு இழுப்பார்: "ஏனுங்க தம்பி, இத்தன பக்கம் படிக்க வெச்சுப்போட்டு ஆரு கொன்னதுன்னு சொல்லாம உட்டா எப்படிங்க?" சதிக்கூட்டத்து ரவிதாசன்தான் என்பது அவர் கட்சி. நான் மறுத்தால் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வாதாட வருவார். அவர் கோபத்தையும் நான் ரசித்தேன். ஆனாலும் சொல்கிறேன்: கல்கி செய்ததுதான் நேர்மை. சரித்திரமே அந்த விளக்கை ஏற்றிக் காட்டவில்லை.

காட்டுமன்னார்கோயில் உடையார்குடி கோயிலில் இருக்கிறது கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய 987. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்களும் உறவினரும் இழந்த நிலத்தின் கதையைச் சொல்கிறது. கொலை நடந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் ஆண்டவன் உத்தம சோழன். அந்தத் தாமதத்தைப் பார்த்து வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தமன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கொன்றவர்கள் பெயர் கிடைத்துவிட்டது, கொல்லச் சொன்னது யார் என்பது இன்னும் வழக்கில்தான் இருக்கிறது. இன்னொன்று: கதை தொடங்கும் வீராணம் ஏரிக்குப் பக்கத்தில்தான் அந்த உடையார்குடி. ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் ஏரிக்கரையில் குதிரையில் போகிறானே, கொலை வழக்கின் கடைசித் தடயம் அவன் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அது கல்லில் ஏற இன்னும் பல வருஷம் பாக்கி.

2023-ல் வந்த பொன்னியின் செல்வன் இரண்டாம் படத்தில் அந்த அறைக்குள் விளக்கைப் போட்டு, கத்தி யார் கையில் இருந்தது என்று காட்டிவிட்டார்கள். அழகான காட்சிதான். ஆனால் இருட்டு போய்விட்டது. புத்தகங்களின் நிலை அதைவிட மோசம். 1999-ல் கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனபின் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மலிவு விலை வந்தது, நல்லதுதான். கூடவே மணியம் வரைந்த படங்கள் இல்லாத பதிப்பு, பாரா பாராவாக விழுங்கிய சுருக்கம், பெயர்களையே மாற்றிவிடும் அச்சுப்பிழை. தடயம் வைத்து எழுதிய கதையில் பாராவை வெட்டுகிறவன், சாட்சியைக் கலைக்கிறவன்.

அடுத்து வந்தவர்களில் சுஜாதாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். தன் துப்பறியும் வக்கீல்கள் கணேஷ், வசந்த் சாயலில் கணேச பட்டரையும் வசந்தகுமாரனையும் ராஜராஜன் காலத்துக்கு அனுப்பியது நல்ல குறும்பு. இப்போது வருகிற சரித்திர நாவல்களில் போர் இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, ஆராய்ச்சி மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஒரு புதிரைப் பத்து அத்தியாயம் தாக்குப்பிடிக்க வைக்கும் பொறுமை இல்லை.

அதிலும் எங்கள் கொங்கு நாட்டின் பக்கம் யாரும் திரும்புவதே இல்லை. அவிநாசியிலிருந்து கொஞ்ச தூரத்தில் திருமுருகன்பூண்டி. சேரமான் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை வேடர் வேஷத்தில் வழிப்பறி செய்தது சிவனே அனுப்பிய பூதகணங்கள் என்கிறது புராணம். திருட்டு கொடுத்தவரே கோயிலில் போய் முறையிட்டு, திருடனையே பொருளைத் திருப்பித் தர வைத்த வழக்கு அது.

ரீஜென்சிதான் வேண்டும் என்றால் அதுவும் இங்கே உண்டு. அதற்குச் சற்று முன், 1805-ல், வெள்ளையரை எதிர்த்த தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். வந்தியத்தேவன் கிளம்பிய அதே ஆடிப் பதினெட்டில்தான் இன்றும் அவருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். சமையல்காரர் காட்டிக்கொடுத்தார் என்று நாட்டார் கதை முடித்துவிடுகிறது. அவரை விலைபேசியது யார், நடுவில் நின்றது யார்? 1815-ல் சல்லிவன் கோயமுத்தூர்க் கலெக்டராக வருவதற்குள், ஒரு பட்டக்காரர் வீட்டு இளைஞன் இதைக் கிளறத் தொடங்குகிறான் என்று வையுங்கள். எல்லாப் பெரிய வீட்டுத் திண்ணையும் அவனுக்குத் திறக்கும், கோயமுத்தூர்க் கச்சேரி திறக்காது. கதைக்கு வேண்டிய முதல் முடிச்சு இதிலேயே இருக்கிறது. எழுத வருகிறவர் அவனை இரண்டு இடத்திலாவது தப்பாக ஊகிக்க விடட்டும். மற்றதைப் படிக்கிற நாங்கள் டீக்கடையில் பார்த்துக்கொள்கிறோம்.