மீனின் நடனம் யாருக்காக?

சென்ற பருவத்தில் ஒரு நாள் செய்முறை வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "சார், வீட்டில் ஒரு ஃபைட்டர் மீன் வளர்க்கிறேன். அதற்கு என்னை நன்றாகத் தெரிகிறது. நான் போனால் கண்ணாடி ஓரம் வந்து ஆடுகிறது. என் தங்கை போனால் மட்டும் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிறது. மீனுக்கு இவ்வளவு அறிவு உண்டா சார்?" என்று கேட்டார்.

அங்கிருந்த விலங்கியல் துறை நண்பர் சிரித்தார். "இவரிடம் ஏன் கேட்கிறாய்? எல்லாம் ஒளிவிலகல் என்று சொல்லிவிடுவார்" என்றார். மறுநாள் அவரே ஒரு நூலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். கொன்ராட் லாரன்ஸ் எழுதிய 'சாலமன் அரசனின் மோதிரம்' என்னும் நூல் அது. "நோபல் பரிசு பெற்றவரே மீன் யோசிக்கிறது என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டு உங்கள் மாணவனுக்குப் பதில் சொல்லுங்கள்" என்றார்.

படித்தேன். மாணவருக்குச் சொன்ன பதிலையும், அந்த நூலைப் பற்றிய என் கருத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நூலின் வரலாறு

இந்நூல் 1949-ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. 1952-இல் ஆங்கிலத்தில் வந்தபின் உலகெங்கும் பரவியது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக லாரன்ஸ் 1973-இல் கார்ல் ஃபான் ஃபிரிஷ், நிகோ டின்பெர்கன் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சாலமன் அரசர் விலங்கு, பறவை, மீன் ஆகியவற்றோடு பேசினார் என்பது பழங்கதை. அதற்கு அவரிடம் ஒரு மந்திர மோதிரம் இருந்ததாம். தமக்கு நன்கு பழகிய உயிர்களோடு பேச அந்த மோதிரம் தேவையில்லை என்கிறார் லாரன்ஸ். கூர்ந்து பார்ப்பதுதான் அவருடைய மோதிரம்.

நூலில் மீன்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. சயாம் சண்டை மீன், அதாவது நம் ஊரில் 'ஃபைட்டர்' என்று விற்கப்படும் பெட்டா மீன், அங்கே முக்கிய இடம் பெறுகிறது. தாய்லாந்தின் வயல்களிலும் ஓடைகளிலும் வாழும் இனம் இது. 2019-இல் அந்நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் வரிசையாக அடுக்கிய சிறு பாத்திரங்களில் நாம் பார்ப்பது இதையேதான்.

லாரன்ஸின் பலம்

துடுப்புகளை மடக்கிக்கொண்டு நிறம் மங்கிக் கிடக்கும் மீன், இன்னோர் ஆண் மீனைக் கண்டதும் எப்படி மாறுகிறது என்பதை லாரன்ஸ் படிப்படியாகக் காட்டுகிறார். நிறம் ஒளிர்கிறது, துடுப்புகள் விசிறிபோல் விரிகின்றன, செவுள் மூடிகள் நிமிர்கின்றன. பின்பு நெடுநேரம் ஒரு நடனம். கடி அதற்குப் பிறகுதான். பெண் மீனிடமும் ஆண் ஏறத்தாழ இதே ஆட்டத்தைத்தான் ஆடுகிறது என்பதையும், அதில் உள்ள நுட்பமான வேறுபாடுகளையும் அவர் விட்டுவிடவில்லை. ஆண் மீன் நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டுவதும், மூழ்கும் முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்ப்பதும் நேரில் பார்ப்பதுபோலவே இருக்கின்றன.

இவ்வளவு விவரங்களிலும் ஒருவர் மட்டும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மீனை வளர்ப்பவர்! சண்டை மீனின் நடனம் எதிரிக்காக, அல்லது துணைக்காக. தொட்டிக்கு வெளியே நிற்கும் மனிதருக்காக அது ஆடுவதாக லாரன்ஸ் எழுதவில்லை. இதே நூலில் காக்கை இனப் பறவையான ஜாக்டாவும் காட்டு வாத்தும் அவர்மீது பாசம் வைக்கின்றன, பின்தொடர்கின்றன. அவை கூட்டமாக வாழும் பறவைகள். குஞ்சுப் பருவத்திலேயே அவரிடம் வளர்ந்ததால் அவரைத் தம் இனமாகவே ஏற்றுக்கொண்டவை. வளர்ந்த ஆண் சண்டை மீனோ தன் எல்லைக்குள் தனித்து வாழ்வது. தன் இனத்தாரிடமே நட்பு கொள்ளாத உயிர் மனிதரிடம் நட்பு கொள்ளும் என்று எதிர்பார்க்க என்ன ஆதாரம்? பறவைகளைப் பற்றிப் படித்த நெகிழ்ச்சியை வாசகர்தாம் மீன்மேல் ஏற்றிவிடுகிறார்.

லாரன்ஸின் குறை

ஆயினும் வாசகரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. லாரன்ஸே சில இடங்களில் வழுக்குகிறார்.

நண்பர் சொன்ன 'யோசிக்கும் மீன்' சண்டை மீன் அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மாணிக்க மீன். மாலையில் தந்தை மீன் வழிதவறிய குஞ்சுகளை வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவரும். ஒருமுறை அது ஒரு புழுவை மென்றுகொண்டிருக்கையில் ஒரு குஞ்சைக் கண்டு அதையும் வாய்க்குள் எடுத்துக்கொண்டது. ஒன்று விழுங்கவேண்டியது, மற்றது காக்கவேண்டியது. மீன் அசையாமல் நின்றது. பிறகு இரண்டையும் உமிழ்ந்து, புழுவைத் தின்றுவிட்டு, குஞ்சைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் போயிற்று. மீன் சிந்தித்ததைத் தாம் கண்டதாகவே லாரன்ஸ் எழுதுகிறார்.

அருமையான காட்சிதான். ஆனால் இது ஒருமுறை நடந்த நிகழ்ச்சி. இரண்டு எதிரெதிர்த் தூண்டல்கள் ஒன்றையொன்று தடுத்ததால் மீன் நின்றிருக்கலாம். அந்தச் சில விநாடிகளில் உள்ளே நடந்தது சிந்தனையா, வெறும் தடையா என்று வெளியிலிருந்து எப்படிப் பிரிப்பது? எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் அளவீட்டை எழுதி முடிவு சொல்லும் மாணவருக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

இருந்தும் லாரன்ஸை மதிக்கிறேன். என்ன பார்த்தார் என்பதை முழுமையாகச் சொன்ன பிறகே தம் கருத்தைச் சொல்கிறார். அதனால்தான் அவரை மறுக்க வேண்டிய சான்றும் அவர் பக்கங்களிலேயே நமக்குக் கிடைக்கிறது. "என் மீன் என்னை நேசிக்கிறது" என்பவர், மீன் என்ன செய்தது என்பதை நமக்குச் சொல்வதே இல்லை.

மீன் எதைப் பார்க்கிறது?

இனி என் துறைக்கு வருகிறேன். நண்பரின் கேலி பலித்துவிட்டது. ஒளியியல் இல்லாமல் இக்கேள்விக்கு விடை இல்லை!

தட்டையான பக்கங்கள் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. நீருக்குள்ளிருந்து நேராகப் பார்க்கும் மீனுக்கு, கண்ணாடியிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் உள்ள உங்கள் முகம் 40 செ.மீ. தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். மேலும், நீரிலிருந்து காற்றுக்கு மாறுநிலைக் கோணம் சுமார் 49 டிகிரி. அதற்கு மேற்பட்ட சாய்வில் பார்த்தால் வெளியுலகம் தெரியாது. முழு அகப் பிரதிபலிப்பினால் தொட்டியின் சுவர் கண்ணாடியாகிவிடும். தொட்டியின் உட்புறமே அதில் தெரியும்.

நேராகப் பார்க்கும்போதும் பிரதிபலிப்பு உண்டு. கண்ணாடியின் வெளிப்பரப்பு, விழும் ஒளியில் நூற்றுக்குச் சுமார் 4 பங்கைத் திருப்பி அனுப்புகிறது. பகலில் வெளிச்சம் மிகுதியாக இருப்பதால் இந்த 4 பங்கு மறைந்துபோகிறது. இரவு ரயிலில் பயணம் செய்திருக்கிறீர்கள் அல்லவா? மூடிய ஜன்னல் கண்ணாடியில் வெளியே ஊர் தெரிவதில்லை. நம் முகந்தான் தெரிகிறது. உள்ளே விளக்கு, வெளியே இருட்டு என்பதே காரணம்.

விளக்கெரியும் மீன்தொட்டியும் அந்த ரயில் பெட்டியும் ஒன்றே. மாலையில் அறை மங்கலாக இருக்கையில் நீங்கள் தொட்டியின்முன் குனிகிறீர்கள். உங்கள் உடலும் கருநிறச் சட்டையும் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை மறைக்கின்றன. அந்த இருண்ட பின்னணியில் மீனின் சொந்த உருவம் கண்ணாடியில் பளிச்சென்று தோன்றுகிறது. மீன் காண்பது ஓர் ஆண் சண்டை மீனை! அது துடுப்பை விரித்துச் சீறுகிறது. நாமோ அது நம்மீது கோபம் கொண்டதாக, அல்லது நமக்கு விளையாட்டுக் காட்டுவதாக நினைத்துக்கொள்கிறோம்.

மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர் சற்று யோசித்துவிட்டு, "தங்கையின் பள்ளிச் சீருடை கருநீலம் சார். அவள் வருவதும் பொழுது சாய்ந்துதான்" என்றார். தங்கையை வெள்ளைச் சட்டையோடும் தம்மைக் கருநீலச் சட்டையோடும் சில மாலைகள் நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் எழுதிவைக்கவும் சொன்னேன். அவர் கொண்டுவந்த குறிப்பின்படி மீன் பெரும்பாலும் கருநீலத்தின்முன்தான் சீறியது. அதை அணிந்தவர் யார் என்பதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு வீடு, ஒரு மீன், சில மாலைகள். இது நிரூபணம் ஆகாது. ஆனால் "தங்கையைப் பிடிக்கவில்லை" என்ற பழைய முடிவு இப்போது அவரிடம் இல்லை.

"பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறது" என்பாரும் உண்டு. காற்றில் வரும் ஒலியின் ஆற்றலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் நுழைகிறது. உங்கள் காலடி அதிர்வோ தரை, மேசை வழியாக நேரே தொட்டிக்குச் சென்றுவிடுகிறது. மீன் பெயரைக் கேட்டதா, நடையைக் கேட்டதா, கையில் இருக்கும் தீனி டப்பாவைக் கண்டதா என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

அப்படியானால் மீன் முட்டாளா?

இல்லை. அந்தப் பக்கமும் சாய்ந்துவிடக் கூடாது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், இரு சண்டை மீன்கள் மோதுவதை அடுத்த தொட்டியிலிருந்து பார்த்த மீன், பின்னர் வென்ற மீனை அணுக அதிக நேரம் எடுத்துக்கொண்டது. தோற்றதை விரைவில் அணுகியது. பார்த்ததை நினைவில் வைக்கும் உயிர் இது. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரைப் பீய்ச்சிப் பூச்சி பிடிக்கும் வில்லாளி மீனுக்கு ஒரு மனித முகத்தைப் பழக்கினர். 44 புதிய முகங்களுக்கு எதிரிலும் அது பழகிய முகத்தைச் சுமார் 81 விழுக்காடு சரியாகத் தேர்ந்தது.

2025-இல் வெளியான இன்னோர் ஆய்வு நம் கதைக்கு மிக நெருக்கமானது. மத்தியதரைக் கடலில் காட்டு மீன்கள், தமக்கு இரை தரும் முக்குளிப்பாளரை மட்டும் பின்தொடரக் கற்றுக்கொண்டன. ஆனால் இருவரும் ஒரேமாதிரி உடை அணிந்து வந்தபோது அவற்றால் வேறுபடுத்த முடியவில்லை. அவை நம்பியிருந்தது உடையின் நிறத்தையும் அமைப்பையும் என்று தெரிகிறது.

ஆகவே உங்கள் மீன் உங்களைத் தெரிந்துகொள்ளக்கூடும். இரை தரும் உருவம் என்று கற்றுக்கொள்வது அறிவின் பாற்பட்டதே. ஆனால் அறிதல் வேறு, அன்பு வேறு. மீண்டும் மீண்டும் வருவதும் விருப்பத்துக்குச் சான்றாகாது. சண்டை மீன் தன் பிரதிபலிப்பைக் காண்பதற்காகவே ஒரு செயலைக் கற்றுச் செய்யும் என்று 1963-இலேயே டிராவிஸ் தாம்ஸன் காட்டினார். எதிரியைக் காணவும் அது ஓடிவரும்!

இதில் என்ன நட்டம்?

"மீன் நேசிப்பதாக நினைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம்?" என்று நண்பர் கேட்டார். மீனுக்குத்தான் நட்டம்.

மணமான புதிதில் நானும் ஒரு சிவப்பு ஃபைட்டர் வளர்த்தேன். ஒரு லிட்டர் பாட்டிலே போதும் என்று விற்றவர் சொன்னார். வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் முகம்பார்க்கும் கண்ணாடியைக் காட்டி அதைச் சீறவைத்தேன். நான் கல்லூரியிலிருந்து திரும்பியதும் அது கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாக ஓயாமல் நீந்தும். அடிக்கடி நீர்ப்பரப்புக்கு வந்து வாய் திறக்கும். வரவேற்கிறது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். சில வாரங்களில் இறந்துவிட்டது.

இன்று வேறுவிதமாக நினைக்கிறேன். இம்மீனின் தலையில் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் தனி உறுப்பு உண்டு. பரப்புக்கு வருவது மூச்சுக்காக, முத்தத்துக்காக அன்று. அந்த உறுப்பு மூச்சுப் பிரச்சினையைத்தான் தீர்க்கும். செவுள் வழியே வெளியேறும் அம்மோனியா நீரிலேயே தங்கும். சிறு பாட்டிலில் விரைவில் நச்சாகிவிடும். அதற்கு நிறமில்லை, ஆதலால் நீர் தெளிவாகவே இருந்தது. கண்ணாடியோரம் ஓயாமல் மேலும் கீழும் அலைவது நெருக்கடியின் அடையாளமாகவும் இருக்கலாம். நான் அதை வரவேற்பு என்று படித்தேன். அப்படிப் படித்ததால் நீரை மாற்றவேண்டும் என்று தோன்றவே இல்லை.

லாரன்ஸின் நூலைத் தேடிப் படியுங்கள். மீன்களைப் பற்றிய பகுதியை இருமுறை படியுங்கள். முதல்முறை மகிழ்ச்சிக்காக, இரண்டாம் முறை ஒரு பென்சிலோடு. அவர் கண்டதற்கு ஓர் அடையாளமும், கருதியதற்கு வேறோர் அடையாளமும் இட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் தொட்டியின்முன் அமர்ந்து அதே பயிற்சியைச் செய்யுங்கள். ஒருநாள் வெள்ளைச் சட்டை, ஒருநாள் கறுப்பு. ஒருநாள் தீனி டப்பாவோடு, ஒருநாள் வெறுங்கையோடு. அதோடு பெரிய தொட்டி, சில நீர்ச்செடிகள், வாரந்தோறும் ஒரு பகுதி புது நீர். மீன் உங்களை நேசிக்கிறதா என்ற கேள்விக்கு இதனால் விடை கிடைக்காமல் போகலாம். அதற்கு என்ன தேவை என்பது மட்டும் தெரிந்துவிடும்.

மாணவர் இப்போது பெரிய தொட்டி வாங்கிவிட்டார். தங்கைதான் தினமும் தீனி போடுகிறாளாம்.