கமான் பட்டையும் தொட்டியும்

சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்தில் நீராவி எஞ்சின்களைத் தேடி வருகிற கூட்டம், 1914இல் தயாரான ஜான் மோரிஸ் தீயணைப்பு வண்டியைச் சட்டென்று கடந்துவிடுகிறது. நிஜாம் ரயில்வேயில் உழைத்த வண்டி அது. பின்சக்கரத்தருகே குனிந்து பார்க்க வேண்டும்: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். நம் பிக்கப்புகளின் பின்பாரத்தை இன்றும் தாங்குவது அதே கமான் பட்டைதான்.

லோடு அடிப்பவர்கள் பட்டை சேர்த்துப் பின்பக்கத்தைத் தூக்குவார்கள். பழைய பிக்கப்பை ஆசையாக வைத்திருப்பவர்கள் இறக்குவார்கள். எனக்குப் பிடித்தது இந்த இறக்குகிற வேலை. அச்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பட்டையை, யூ போல்ட்டைக் கழற்றி, அச்சுக்கு அடியில் கட்டுவார்கள். அச்சின் கனமும் பட்டை அடுக்கின் கனமும் சேர்ந்த அளவுக்கு வண்டி தாழும். ஆனால் பள்ளத்தில் விழுந்தால் அச்சு சேஸிஸில் இடிக்கும். அதனால் அந்த இடத்தை அரைவட்டமாக வெட்டி, கனத்த தகடு வைத்து வெல்டு அடிக்க வேண்டும். புரொபெல்லர் ஷாஃப்டின் கோணத்தையும் சரிபார்க்க வேண்டும். சிலர் பட்டையைச் சூடேற்றித் தட்டி நிமிர்த்துகிறார்கள். எஃகின் பதமே கெட்டுவிடும். பெரிய பாவம் அது.

அடுத்தது, பின்னால் சரக்கேற்றும் தொட்டியை மாற்றுவது. துருவேறிய போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துப் பழையதை இறக்குவார்கள். இதில் நாமக்கல் பாடி பட்டறைகளின் கைப்பழக்கத்தைப் பார்க்க வேண்டும். லாரிக்குப் பாடி ஏற்றும்போது இரும்போடு இரும்பு உரசாதபடி சேஸிஸ்மேல் மரச்சட்டம் கொடுப்பார்கள். பிக்கப் தொட்டிக்கு ரப்பரே போதும். அச்சு மேலேறி வந்திருப்பதால், புதுத் தொட்டியின் தரையை அந்த இடத்தில் கொஞ்சம் உயர்த்தியே அடிக்க வேண்டும்.