ஜூல் சமையல் கருவியின் இடைமுகம்

ஜூல், பாத்திரத்து நீரைச் சூடாக்கி ஒரே வெப்பநிலையில் நிறுத்திவைக்கும் மின்கருவி. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த செஃப்ஸ்டெப்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. 2015இல் அறிவிக்கப்பட்டு 2016இல் வாடிக்கையாளர்களின் கைக்கு வந்தது. 'சூ வீட்' எனப்படும் பிரெஞ்சுச் சமையல் முறைக்காக உருவானது. இறைச்சி, மீன், காய் போன்றவற்றைப் பையில் இட்டு, காற்றை நீக்கி மூடி, கொதிநிலைக்கு வெகு கீழே இருக்கும் நீரில் நீண்ட நேரம் வேகவைப்பது இம்முறை. முட்டை போன்றவற்றில் ஓரிரு டிகிரி கூடினாலும் விளைவு மாறும். கையால் அடுப்பைக் கூட்டிக் குறைத்து இதைச் செய்வது கடினம் என்பதால் கருவி தேவைப்படுகிறது.

ஜூலின் உடலில் திரை கிடையாது. எண்களும் திருகும் கிடையாது. 1100 வாட் ஆற்றல் கொண்ட குட்டையான தடி. உச்சியில் ஒரு பொத்தான், ஒரு விளக்கு. மற்ற எல்லாம் திறன்பேசிச் செயலியில் இருக்கின்றன.

செயலியின் வலிமை

ஜூலைப் பற்றிய எந்த மதிப்பீடும் இந்தச் செயலியின் தகுதியை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். மாட்டிறைச்சி 54 டிகிரி செல்சியஸில் வெந்தால் உள்ளே இளஞ்சிவப்பாகவும் சாறோடும் இருக்கும். 68 டிகிரியில் சிவப்பு மறைந்து நார் இறுகிவிடும். ஆனால் முதன்முறை சமைப்பவருக்கு 54 என்ற எண்ணும் 68 என்ற எண்ணும் எதையும் சொல்வதில்லை. ஜூல் செயலி எண்ணைக் கேட்பதில்லை. வெவ்வேறு நிலைகளில் வெந்த துண்டு எப்படி இருக்கும் என்பதைச் சிறு காணொளிகளாகக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கிறது. துண்டின் தடிமனைச் சொன்னால் நேரத்தையும் அதுவே கணக்கிடுகிறது.

தமிழில் 'பதம்' என்று சொல்லப்படுவதைத்தான் இந்தக் காணொளிகள் கண்முன் வைக்கின்றன. சோற்றையும் பாகையும் பதம் பார்ப்பவர் யாரும் வெப்பமானியை நாடுவதில்லை. நிறுவனர்களில் ஒருவரான கிறிஸ் யங், 2011இல் வெளிவந்த 'மாடர்னிஸ்ட் குசீன்' என்ற சமையல் அறிவியல் பெருந்தொகுப்பின் ஆசிரியர்களில் ஒருவர். அத்தனை அறிவியலையும் பின்னால் ஒளித்துவைத்து, முன்னால் பதத்தை மட்டும் நிறுத்தியது பெரிய சாதனை.

அடுப்படியில் நேரும் சிக்கல்

சிக்கல் செயலியின் உள்ளே இல்லை. அது மட்டுமே இருப்பதுதான் சிக்கல். பச்சை இறைச்சியைத் தொட்ட கை திறன்பேசியைத் தொடக் கூடாது. கழுவித் துடைத்துவிட்டு, பூட்டைத் திறந்து, செயலியைத் தேடி, இணைப்புக்குக் காத்திருந்து, இரண்டு டிகிரி கூட்ட வேண்டும். திருகு இருந்தால் ஒரு நொடி வேலை.

திறன்பேசி ஒருவருடையது, அடுப்படி வீட்டாருடையது. வேகவைக்கத் தொடங்கியவர் வெளியே போய்விட்டால், வீட்டில் இருப்பவர் கண்முன் நிற்பது விளக்கு எரியும் ஒரு தடி. நீர் எத்தனை டிகிரியில் இருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் என்பதை அது சொல்லாது. பொத்தானை அழுத்தி நிறுத்தலாம். வெப்பத்தை மாற்ற முடியாது. டொனால்ட் நார்மன் 1988இல் வெளியிட்ட வடிவமைப்பு நூலில், எந்தத் திருகு எந்த எரிமுனைக்கு என்று தெரியாமல் குழப்பும் அடுப்புகளைக் குறை சொன்னார். அந்த அடுப்புகளில் திருகாவது அடுப்பிலேயே இருந்தது.

திரை இல்லாததற்கு நியாயங்களும் உண்டு. நீராவியில் நிற்கும் கருவியில் பாகங்கள் குறைந்தால் பழுதும் குறையும், உருவமும் சிறுக்கும். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு, தடவித் தெரிந்துகொள்ள எதுவும் இல்லாத தொடுபலகையைவிடத் திரையை வாசித்துச் சொல்லும் திறன்பேசி உதவக்கூடும், செயலி அதற்கேற்ப எழுதப்பட்டிருந்தால். இவை செயலி வேண்டும் என்பதற்கான காரணங்கள். ஒரு சக்கரமோ இரண்டு பொத்தான்களோ கூடாது என்பதற்கான காரணங்கள் அல்ல.

ஆயுள்

வெப்பச்சுருளும் மோட்டாரும் பல ஆண்டுகள் உழைக்கும். செயலி அப்படியல்ல, இயங்குதளம் மாறும்தோறும் யாராவது அதைப் புதுப்பிக்க வேண்டும், வழங்கிக்குப் பணம் கட்ட வேண்டும். ஆஸ்திரேலிய நிறுவனமான பிரெவில் 2019இல் செஃப்ஸ்டெப்ஸை வாங்கியது. ஏற்கெனவே ஜூல் வாங்கியிருந்தவர்களின் கருவி தொடர்ந்து இயங்குவது, அவர்கள் தேர்ந்தெடுக்காத ஒரு நிறுவனத்தின் முடிவைச் சார்ந்ததாயிற்று.

இதே வகைக் கருவியைச் செய்யும் அனோவா நிறுவனத்தில் நடந்தவற்றோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். அனோவா 2024 ஆகஸ்டில் புதிய பயனர்களுக்குச் செயலிச் சந்தாவை அறிவித்தது. பின்னர், தன் பழைய புளூடூத், வைஃபை மாதிரிகளுக்கான செயலி இணைப்பு 2025 செப்டம்பர் 28 முதல் கிடைக்காது என்றும் அறிவித்தது. வாங்கியவர்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. ஆயினும் அந்த மாதிரிகளின் உடலில் சிறு திரையும் சுழல் சக்கரமும் இருந்தன. செயலி இல்லாமலே சக்கரத்தைச் சுழற்றி வெப்பநிலையை வைத்துச் சமைக்கலாம். முதல் ஜூலுக்கு இதே நிலை வந்தால், பழுதில்லாத வெப்பச்சுருளோடு அது அலமாரியில்தான் கிடக்கும்.