இடுப்பளவு அலை போதும்

மே மாத வெயிலுக்கு அஞ்சி, சேலத்துக்காரர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறுகிறார்கள். அதே நாட்களில் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பொழுது புலரும்போதே பலகையோடு கடலில் இறங்கிவிடுகிறார்கள் நம் அலைச்சறுக்கு வீரர்கள். கோடையில் அங்கே பல நாட்கள் கிடைப்பது முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே எழும் சின்ன அலைதான். ‘இதில் சறுக்கி என்ன ஆகப்போகிறது, மாலத்தீவுக்கோ பாலிக்கோ போனால்தான் தேற முடியும்’ என்ற பேச்சு இந்த விளையாட்டைச் சுற்றி எப்போதும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. குறை அலையில் இல்லை. அந்த அலையில் நாம் செய்து முடிக்கும் வேலையில் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப்பே இதற்குச் சான்று. ஆடவர் இறுதிச்சுற்றில் தென்கொரியாவின் கனோவா ஹீஜே 15.17, இந்தோனேசியாவின் பஜார் அரியானா 14.57, கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் 12.60 புள்ளிகள் எடுத்தார்கள். ரமேஷின் வெண்கலம், இந்தப் போட்டியின் தனிநபர் பிரிவில் இந்தியா வென்ற முதல் பதக்கம். மூவரும் சறுக்கியது ஒரே கடலில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வீரர் எத்தனை அலை பிடித்தாலும், பத்துக்கு மதிப்பிடப்படும் அவற்றில் சிறந்த இரண்டு மட்டுமே கணக்கில் சேரும். ஆக, தங்கத்துக்கும் ரமேஷுக்கும் இடையே இருந்தது அலைக்குச் சராசரியாக 1.3 புள்ளிக்கும் குறைவான தூரம். அலையின் உயரத்துக்கென்று நடுவர்கள் தனி மதிப்பெண் போடுவதில்லை. திருப்பங்களின் கடினம், புதுமை, வகை, ஒன்றோடொன்று கோக்கும் விதம், வேகம், வலு, ஓட்டம் ஆகியவற்றையே பார்க்கிறார்கள். நமக்குக் குறைந்தது அலைக்கு இன்னுமொரு வலுவான திருப்பம், அவ்வளவுதான்.

அந்தத் திருப்பத்தைப் பழகச் சின்ன அலையைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது. பெரிய அலை வேகத்தைத் தானே தந்துவிடும். சின்ன அலையில் முழங்காலை மடக்கி நீட்டி, பலகையை மேலும் கீழும் ஓட்டி, வேகத்தை வீரரே உண்டாக்க வேண்டும். எடையைத் தவறான காலில் ஒரு நொடி வைத்தாலும் பலகை நின்றுவிடும். அதிகாலை ஏன் என்றால், இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் நிலக்காற்று அலையின் முகத்தைக் கலையாமல் நிமிர்த்தி வைக்கிறது. வெயில் ஏறிக் கடற்காற்று திரும்பியதும் நீர்ப்பரப்பு கரடுமுரடாகிவிடும். கிடைக்கும் சில மணி நேரத்தில் எந்த அலையை விடுவது, எதை எடுப்பது என்று முடிவெடுப்பதும் பயிற்சிதான். போட்டியில் பலர் தோற்பது அங்கேதான்.

பெரிய அலை பழகாதவன் பெரிய மேடையில் என்ன செய்வான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்கு தஹிதித் தீவின் தியாஹுபூவில் நடந்தது. அங்கே பவளப்பாறை மேல் உருளும் அலையைக் கோவளத்தில் பழகவே முடியாது. ஆடவர் தங்கம் வென்றதும் அந்த மண்ணின் காவ்லி வாஸ்ட்தான். ஆனால் 11 முறை உலகப் பட்டம் வென்ற கெல்லி ஸ்லேட்டர் வளர்ந்தது சின்ன அலைக்குப் பேர்போன ஃபுளோரிடாவின் கொக்கோ கடற்கரையில். டோக்கியோவில் ஆடவர் அலைச்சறுக்கின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற பிரேசிலின் இடாலோ ஃபெரைரா, மீன் விற்ற தந்தையின் ஐஸ் பெட்டி மூடியில் சறுக்கப் பழகியவர். வெளிநாட்டுப் பயணம் வேண்டாம் என்பதல்ல. அடிப்படை உறுதியான பிறகு போனால் செலவழித்த பணத்துக்குப் பலன் இருக்கும்.

2026 ஆசிய விளையாட்டில் அலைச்சறுக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்குக் குறிக்கப்பட்ட களம் ஜப்பானின் தஹாரா, தியாஹுபூவைப் போலப் பவளப்பாறை அல்ல, மணற்கரை. எனவே இந்திய அலைச்சறுக்குச் சம்மேளனமும் மாநில அரசும் பணத்தை முதலில் விமானச் சீட்டில் போட வேண்டாம். கோவளத்துக் காலைப் பயிற்சியைப் படம் பிடித்து, அலைக்கு அலை மதிப்பெண் போட்டுக் காட்டும் பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கட்டும்.