திரைக் கண்ணீரும் மெய்ப்பாடும்

சோகப் படம் பார்த்துவிட்டு அரங்கை விட்டு வெளியே வருவோரிடம் இருவகை முகங்களைக் காணலாம். ஒரு சாரார், "நன்றாக அழ வைத்துவிட்டார்கள்" என்று மனநிறைவோடு கூறுவர். மற்றொரு சாரார் அதே சொற்களைச் சினத்தோடு கூறுவர். வியப்பு யாதெனில், இரு சாராருடைய கைக்குட்டைகளும் நனைந்தே இருக்கும். அழுதவரே தம்மை அழவைத்த படத்தை ஏசுகிறார். கண் ஒன்றைச் சொல்ல, அறிவு வேறொன்றைச் சொல்கிறது. இம்முரண்பாடு எதனால் தோன்றுகிறது? அழுதது பிழையா, ஏசுவது பிழையா? இலக்கியம் கற்பிப்போரும் கற்போரும் இவ்வினாவை எளிதென ஒதுக்கிவிட இயலாது. ஏனெனில், திரையில் எதைக் கண்டு உருகப் பழகுகிறோமோ, அதையே ஏட்டிலும் எதிர்பார்க்கத் தொடங்குகிறோம்.

மெய்ப்பாட்டின் இலக்கணம்

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்துள்ளார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றுள் அழுகைக்கு இரண்டாம் இடம் தரப்பட்டுள்ளது. எனவே, கலை கண்டு அழுவதை இழிவென்றோ, கல்லாதார் செயலென்றோ நம் முன்னோர் கருதினாரல்லர்.

அழுகைக்கு நான்கு நிலைக்களன்களை அவர் கூறுகிறார். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதல், உற்றாரை இழத்தல், முன்னிருந்த நல்ல நிலை கெட்டுத் தாழ்தல், துய்ப்பதற்குப் பொருளின்மை என இவற்றைச் சுருக்கமாக விளக்கலாம். இந்நான்கும் துன்புறுவோரின் வாழ்க்கைக்குள்ளேயே இருப்பவை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. உரையாசிரியர் இளம்பூரணர் எடுத்துக்காட்டும் செயிற்றியனாரின் கருத்தும் இதற்கு அரண் செய்கிறது. ஒருவனிடத்தே தோன்றிய உணர்வு காண்போரைச் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின், உணர்வு முதலில் அங்கே இருத்தல் வேண்டும். பிறகே அது இங்கே வந்து சேரும். அங்கே ஒன்றும் இல்லாதபோது இங்கே கண்ணீர் வருமானால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது திறனாய்வாளன் கடமையாகும்.

கருவிகளின் வேலை

அது கருவிகளிலிருந்து வருகிறது. நிகழ்ச்சி தொடங்குமுன்னரே வயலின்கள் அழத் தொடங்கிவிடுகின்றன. கண்ணீர் ததும்பும் முகம் திரை முழுவதையும் நிறைக்கிறது. அருகில் நிற்போர் அனைவரும் விம்முகின்றனர். அவர்கள் விம்முவதைக் கண்டு நாமும் விம்முகிறோம். நோயுற்ற குழந்தை, பார்வையற்ற தாய், திருமணத்தன்று வந்து சேரும் சாவுச் செய்தி ஆகியவை தேர்ந்தெடுத்து அடுக்கப்படுகின்றன. மனிதன் இயல்பாகவே இரக்கமுள்ளவன். குழந்தை அழுதால் யாருடைய குழந்தை என்று கேட்டுவிட்டா நம் நெஞ்சு இளகுகிறது? இந்த நல்லியல்பைத்தான் அத்தகைய படங்கள் முதலீடாகக் கொள்கின்றன.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தமது கவிதையியலில் இதனை நுட்பமாக ஆராய்ந்துள்ளார். அச்சத்தையும் இரக்கத்தையும் மேடைக் காட்சியின் வாயிலாகவும் எழுப்பலாம். ஆயினும் நிகழ்ச்சிகளின் கட்டுக்கோப்பிலிருந்தே எழுப்புவதுதான் சிறந்த கவிஞனின் செயல் என்கிறார். காணாமல், கதையைக் காதால் கேட்டவனுக்கும் நெஞ்சு நடுங்க வேண்டும் என்பது அவர் அளவுகோல். நம்மை அழவைத்த படத்தின் கதையை மறுநாள் காலையில் நண்பரிடம் எளிய சொற்களில் கூறிப் பார்த்தால் போதும். கூறும்போதே குரல் தழுதழுத்தால் அது கதையின் ஆற்றல். கூறக் கூற நமக்கே நகைப்பு வருமானால், நேற்று அழுதது வயலினுக்காக என்று தெளியலாம்.

பாசமலர்: ஒரு சான்று

ஆ. பீம்சிங் இயக்கிச் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அண்ணன் தங்கையாக நடித்த பாசமலர் 1961-இல் வெளிவந்தது. தமிழர் வாழும் இடமெல்லாம் கண்ணீர் பெருக்கிய படம் அது. அதன் முற்பகுதி உழைப்பால் எழுப்பப்பட்டது. தங்கை சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், அதைக்கொண்டு அண்ணன் தொடங்கும் பொம்மைத் தொழில், வளர்ந்துவரும் செல்வம், அதனூடே வளரும் பாசம் ஆகியவற்றை நாம் படிப்படியாகக் காண்கிறோம். ஆகவே, பிரிவு வரும்போது நாம் அழுவது பொருத்தமே. இழவும் அசைவும் அங்கே உண்மையாகவே உள்ளன.

பிற்பகுதியில் நிகழ்வது வேறு. அத்தையின் சூழ்ச்சியால் குடும்பம் பிளவுபடுகிறது. அதுவும் போதாதென்று, தீபாவளி வெடியிலிருந்து தங்கையின் குழந்தையைக் காக்கப்போய் அண்ணன் பார்வையை இழக்கிறான். இறுதியில் இருவரும் ஒருசேர மடிகின்றனர். பிரிவு என்னும் துயரம் அவர்களின் குணங்களிலிருந்து விளைந்தது. குருட்டுத்தன்மையோ எழுத்தாளரின் பேனாவிலிருந்து விளைந்தது. முன்னதற்கு அழும் கண்ணே பின்னதற்கும் அழுகிறது. ஆனால் இரண்டாவது கண்ணீரைத் துடைக்கும்போதுதான் உள்ளத்தில் ஒரு கசப்பு ஊறுகிறது.

இவ்விடத்தில் நம் நாட்டு நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், அதன்முன் பாய் விரித்து அமர்ந்தவர்களுள் பலர் ஊரில் உடன்பிறந்தாரை விட்டுக் கப்பலேறியவர்கள். பின்னர், 1969-ஐ ஒட்டிய ஆண்டுகளில், குடியுரிமை இன்றிச் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலை அனுமதிச் சட்டத்தால் இங்கிருந்து திரும்ப நேர்ந்தது. மீண்டும் பிரிவு, இம்முறை எதிர்த்திசையில். அம்மக்கள் பாசமலருக்கு அழுதபோது, திரையிலிருந்த அண்ணனுக்காக மட்டுமா அழுதிருப்பர்? கடல் கடந்த தம் துயரத்துக்கு அழ அவர்களுக்கு வேறு இடம் வாய்க்கவில்லை. இதனை அறியாது, பாமரர் கண்ணீர் என்று எள்ளி நகையாடுவது திறனாய்வாகாது. அக்கண்ணீர் தூயது. அதைப் பெற்றுக்கொண்ட கதை அதற்குத் தகுதியுடையதா என்பதே நம் வினா.

துலாபாரமும் மகாநதியும்

வறுமையும் சாவும் அடுக்கடுக்காக வருவதாலேயே ஒரு படம் போலியாகிவிடாது. தோப்பில் பாசியின் மலையாள நாடகத்தை ஏ. வின்சென்ட் 1968-இல் மலையாளத்திலும் 1969-இல் தமிழிலும் துலாபாரம் என்னும் பெயரில் படமாக்கினார். தொழிற்சங்கத் தலைவனான கணவன் கொலையுண்டபின், பசி தாளாது குழந்தைகளுக்கு நஞ்சூட்டிய தாயின் கதை அது. சாரதா நடித்த அந்தத் தாய் நீதிமன்றத்தில் நிற்கிறாள். அழுத கண்ணோடு நாம் ஒரு வினாவையும் எதிர்கொள்கிறோம்: குற்றவாளி யார்? துன்பத்துக்குக் காரணம் காட்டப்படும்போது கண்ணீர் சிந்தனையாக மாறுகிறது.

1994-இல் வந்த மகாநதி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சீட்டு நிறுவன மோசடியால் சிறை சென்ற கிருஷ்ணசாமி, தொலைந்த மகளைக் கல்கத்தாவில் பரத்தையர் வாழும் பகுதியில் கண்டெடுக்கிறான். அவளை மீட்க, அங்குள்ள பெண்களே தம் வருவாயைத் திரட்டித் தருகின்றனர். மீண்டு வந்த மகள் தூக்கத்தில் பிதற்றும் சில சொற்களே தந்தையை நொறுக்கிவிடுகின்றன. கொடுமை எதுவும் அங்கே காட்டப்படவில்லை. நடந்து முடிந்ததை அச்சொற்களால் நாமே உணர்ந்துகொள்கிறோம். பார்ப்பவனுக்கு வேலை கொடுக்கும் துயரமே நெடுநாள் தங்குகிறது.

இசையைப் பயன்படுத்துவதே சூழ்ச்சி என்று கூறுவாரும் உளர். சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி (1955) அவர்களுக்கு விடையாகும். மகள் துர்கா இறந்ததை அறியாத தந்தை, ஊரிலிருந்து வாங்கிவந்த பொருள்களை மனைவியிடம் ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். அவற்றுள் மகளுக்கென வாங்கிய சேலையும் இருக்கிறது. தாய் கதறுகிறாள். ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அதனிடத்தில் இசைக்கருவி ஒன்றின் ஒலி மட்டுமே எழுகிறது. அழுகைக்குமேல் அழுகையாக இசையைக் கொட்டாமல், அழுகையை மறைக்கும் திரையாக அதைப் பயன்படுத்தினார் ராய். கருவி ஒன்றே, அதைக் கையாளும் நேர்மையில்தான் வேறுபாடு.

ஒரு மறுப்பும் விடையும்

"கலை முழுவதும் புனைவுதானே? அழ வைப்பதெல்லாம் ஏமாற்று என்றால் காப்பியங்களும் ஏமாற்றா?" என்று வினவலாம். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கோவலன் வெட்டுண்டு வீழ்வதை இளங்கோவடிகள் சில அடிகளிலேயே முடித்துவிடுகிறார். அக்குருதியைக் காட்டி நம் கண்ணீரைப் பறிக்க அவர் நினைக்கவில்லை. அடுத்து ஆய்ச்சியரின் குரவைக் கூத்தை வைக்கிறார். அதன் பின்னரே கண்ணகிக்குச் செய்தி எட்டுகிறது. அவள் அழுகிறாள், அரற்றுகிறாள். பிறகு ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குச் செல்கிறாள். அவள் அழுகை வழக்காக மாறுகிறது. வழக்கு ஓர் அரசனின் உயிரையே அசைக்கிறது. நம் கண்ணீரைக் காப்பியம் அங்கேயே வற்றவிடாமல் அறத்தின் வாயிலுக்கு அழைத்துச் செல்கிறது. போலிச் சோகமோ நம்மை அழவைத்து, அழுததற்காக நம்மை நாமே மெச்சிக்கொள்ளவும் வைத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

பால்மரம் சீவுவோர் இதனை நன்கு அறிவர். பட்டையை அளவறிந்து சீவினால் பால் சுரக்கும், மரமும் நிலைக்கும். பேராசையால் ஆழ வெட்டினால் மரம் புண்படும். அவ்விடத்தில் பட்டை செவ்வனே மீண்டும் வளராது. மனித இரக்கமும் அத்தகையதே. காரணமின்றி அடிக்கடி வெட்டப்படும் நெஞ்சு, உண்மைத் துயரம் எதிரில் வந்து நிற்கும்போது மரத்துப் போகிறது.

நம் வகுப்பறைக்கு

இது வெறும் திரைப்படச் செய்தியன்று. நம் மாணவர் எழுதும் சிறுகதைகளைப் பார்த்தால், தாய்க்குப் புற்றுநோய், தந்தைக்கு விபத்து, இறுதியில் மருத்துவமனைக் கட்டில் என்னும் வாய்பாட்டைப் பலவற்றில் காணலாம். அதற்கு மதிப்பெண் வழங்கும் ஆசிரியரும் அப்பழக்கத்துக்குத் துணைபோகிறார். அதே வேளையில், 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மீளாத நம் முன்னோரைப் பற்றி அம்மாணவருள் எத்தனை பேர் ஒரு வரி எழுதியிருப்பர்? ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் அத்துயரை நாவலாக்கித் தந்தனர். அழுவதற்கு உண்மைக் காரணங்கள் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்க, இரவல் கண்ணீரைத் தேடிச் செல்வது ஏன்?

ஆகவே, மாணவரிடம் "அழாதே" என்று கூற வேண்டியதில்லை. அழுத பிறகு மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்கினால் போதும். யாருக்காக அழுதேன்? அவருடைய துன்பம் எதனால் விளைந்தது? கண் உலர்ந்தபின் என்னிடம் எஞ்சியிருப்பது என்ன? இவற்றுக்கு விடை தரும் படைப்பு நம் கண்ணீருக்கு உரியது; அதன்முன் நாணமின்றி அழலாம். விடை தராத படைப்பின்மீது எழும் சினமும் நல்லதே. அது இரக்கமின்மையின் அடையாளமன்று. தன் இரக்கத்தின் விலையை அறிந்தவனின் சினம் அது.