சாதகமும் சமாவும்: மோதல் விளையாட்டுப் பயிற்சி பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

1

பயிற்சி என்பது தனிமனிதனின் தவம் என்னும் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. மாணவன் விடியுமுன் எழுகின்றான். பிறர் கண்ணிற் படாது பல்லாண்டு உழைக்கின்றான். ஒரு நாள் அரங்கேறி அனைவரையும் வெல்கின்றான். வாய்ப்பாட்டுக்காரரைப் பற்றியும் தவிற் கலைஞரைப் பற்றியும் வழங்கும் கதைகள் பெரும்பாலும் இவ்வமைப்பையே உடையன. இன்று கணினித் திரையின் முன் அமர்ந்து போட்டிக்கு ஆயத்தஞ் செய்யும் இளைஞனைப் பற்றியும் இதே கதை சொல்லப்படுகின்றது. இக்கதை எவ்வளவு தூரம் உண்மை, எவ்வளவு தூரம் உண்மையை மறைப்பது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோதல் விளையாட்டு என ஈண்டுக் குறிப்பிடுவது, திரையில் இரு பாத்திரங்கள் எதிரெதிர் நின்று அடித்தும் தடுத்தும் பொருதும் மின்னணு விளையாட்டினையாகும். 1991இல் கப்கொம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்றீற் பைற்றர் 2’ இவ்வகைக்கு நிலையான வடிவத்தை அளித்தது. 1994இல் நம்கோ நிறுவனத்தின் ‘தெக்கென்’ தோன்றியது. யப்பானிய மொழியில் அதற்கு இரும்பு முட்டி என்பது பொருள். இத்தகைய பொருள் ஓர் ஆய்விதழுக்கு உரியதா எனச் சிலர் வினவக்கூடும். நாட்டுக்கூத்தினைக் கற்றோர் ஏறெடுத்தும் பாராதிருந்த காலம் ஒன்று இருந்தது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதனை மேடையேற்றிய பின்னரே கற்றோர் பலர் தம் நோக்கை மாற்றிக்கொண்டனர். பெருந்தொகையான இளைஞர் தம் பொழுதையும் உணர்ச்சியையும் ஈடுபடுத்தும் எதுவும் ஆய்வுக்குரியதே.

2

இவ்விளையாட்டின் உள்ளமைப்பை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். திரையில் ஒரு செக்கனுக்கு 60 படச்சட்டங்கள் ஓடுகின்றன. விரைவான அடியொன்று தொடங்கித் தாக்குவதற்கு மூன்று முதல் ஐந்து சட்டங்கள் வரை போதுமானவை. கண்ணாற் கண்டு கையால் எதிர்வினையாற்ற மனிதனுக்கு ஏறத்தாழக் காற் செக்கன், அதாவது 12 முதல் 15 சட்டங்கள் வரை வேண்டும். எனவே விரைவான அடியைக் கண்டபின் தடுத்தல் இயலாது. எதிராளி என்ன செய்வான் என முன்னரே ஊகித்தல் வேண்டும். அடி பிடியை வெல்லும்; பிடி தடுப்பை வெல்லும்; தடுப்பு அடியை வெல்லும். மூன்றும் ஒன்றையொன்று வெல்வதால் எக்காலத்துக்கும் பொருந்தும் சரியான விடை இங்கு இல்லை. எதிரே இருப்பவனின் பழக்கம், பதற்றம், துணிவு என்பனவே விடையைத் தீர்மானிக்கின்றன. யப்பானிய ஆட்டக்காரர் இதனை ‘யோமி’, அதாவது வாசித்தல், என்பர்.

இவ்வடிப்படையில் நோக்குமிடத்துக் கணினியோடு பயிலுதலின் பயனும் எல்லையும் தெளிவாகின்றன. பயிற்சிக்கென அமைந்த பகுதியில், கணினி இயக்கும் பாத்திரம் பதிவு செய்த ஓர் அசைவைச் சலிப்பின்றி ஆயிரம் முறை திரும்பச் செய்யும். கைவிரல்கள் ஒரு தொடரடியை நினைவின்றியே நிகழ்த்தும் வரை இதனோடு பழகலாம். இது சாதகம், இதனை எவரும் தவிர்த்தல் இயலாது. ஆனால் கணினியை எதிராளியாக வைத்து ஆடுவது வேறு. பல விளையாட்டுக்களில் அது ஆட்டக்காரன் அழுத்தும் பொத்தானை அக்கணமே அறிந்து, மனிதனால் இயலாத வேகத்தில் மறுமொழி கொடுக்கின்றது. அதேவேளை, குழந்தையும் ஏமாறாத ஒரே தந்திரத்துக்குப் பத்து முறையும் ஏமாறுகின்றது. அதனை வெல்லப் பழகியவன் அந்தக் கணினியை வெல்லவே பழகியவன். அதற்கு அச்சமில்லை, தோற்றால் வெட்கமில்லை. அச்சமும் வெட்கமும் இல்லாத ஒன்றிடம் வாசிப்பதற்கு எதுவுமில்லை.

2004இல் கலிபோர்ணியாவில் நடைபெற்ற ‘ஈவோ’ போட்டியில் யப்பானியரான டைகோ உமெஹாரா, அமெரிக்கரான ஜஸ்ரின் வொங்கை எதிர்த்தாடிய கட்டம் பலராலும் பேசப்படுவது. உயிர்க்கோடு ஏறத்தாழ முற்றாகத் தேய்ந்த நிலையில், எதிரியின் பதினைந்து அடிகள் கொண்ட பெருந்தாக்குதலை ஒவ்வொன்றாகத் தட்டி விலக்கி அவர் வென்றார். பின்னைய அடிகளைத் தட்டியது சாதகத்தின் பயன். அவற்றின் தாளம் முன்னரே கையிற் படிந்திருந்தது. முதல் அடியைத் தட்டியதோ அத்தன்மையதன்று. அது தொடங்குமுன்னரே ஊகித்திருத்தல் வேண்டும். எதிரி பொறுமையிழந்து இக்கணத்தில் பாய்வான் என்ற அறிவை எந்தப் பயிற்சிப் பொம்மையும் அவருக்குக் கற்பித்திருக்க முடியாது. அவரும் அப்போட்டியின் இறுதியாட்டத்தில் மற்றொரு யப்பானியரிடம் தோற்றார் என்பதை வியப்போர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அவரைத் தோற்கடிக்கவல்லோர் அவரது நாட்டிலேயே இருந்தமை, அவர் உருவான சூழலின் இயல்பைக் காட்டுகின்றது.

3

அச்சூழல் யாது? யப்பானிலும் அமெரிக்காவிலும் இவ்விளையாட்டு முதலில் பொது விளையாட்டுக் கூடங்களிலே வளர்ந்தது. நாணயம் இட்டு ஆடும் இயந்திரத்தின் பொருளாதாரம் கவனிக்கத்தக்கது. ஒருவன் ஆடிக்கொண்டிருக்கையில் மற்றொருவன் நாணயமிட்டு அவனை அறைகூவலாம். தோற்றவன் எழுந்து செல்ல வேண்டும். வென்றவன் செலவின்றித் தொடர்ந்து ஆடலாம். உரிமையாளருக்கு இது இலாபம். ஆட்டக்காரருக்கோ ஓயாத எதிராளிகள். இலாப நோக்கிற் பிறந்த ஓர் ஏற்பாடு அறியாமலே ஒரு பள்ளியை உருவாக்கியது. பின்னர் இயந்திரம் வீட்டுக்குள் புகுந்தது. எதிராளியையும் நிறுவனமே கணினி வடிவில் விற்கத் தொடங்கியது. தனிமைத் தவம் என்னும் கதை இக்கட்டத்திலேயே வலுப்பெற்றது எனக் கொள்ள இடமுண்டு.

இக்கருத்தை உறுதிப்படுத்தும் சிறந்த சான்று நம் தெற்காசியாவிலேயே உள்ளது. 2019இல் லாகூரைச் சேர்ந்த அர்சலான் அஷ், ‘தெக்கென் 7’ விளையாட்டில் யப்பானில் நடைபெற்ற ஈவோவையும் அமெரிக்காவில் நடைபெற்ற ஈவோவையும் ஒரே ஆண்டில் வென்றார். அமெரிக்க இறுதியாட்டத்தில் அவர் வென்றது, நீண்டகாலம் முதன்மை பெற்றிருந்த கொரியரான ‘நீ’ என்பாரை. உலகம் இதனை அற்புதம் என்றது. அவரோ தம் நாட்டில் தமக்கு நிகரானோர் பலர் உளர் எனக் கூறினார். பாகிஸ்தானிய ஆட்டக்காரர் ஓரிடத்திற் கூடி, ஒருவரையொருவர் இடைவிடாது எதிர்த்தாடி வளர்ந்தவர். வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் செல்ல நுழைவுரிமை பெறுவதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தமையால் அவர்களது ஆற்றல் வெளியே தெரியவில்லை. உலகம் அறியாதிருந்தது ஒரு மனிதரை மட்டுமன்று. எதிராளிகளின் ஒரு சமூகத்தையே.

‘ஸ்றீற் பைற்றர் 2’இல் தெற்காசியாவைப் பிரதிநிதித்துவப்படுத்துவது டால்சிம் என்னும் பாத்திரம். மண்டையோட்டு மாலை அணிந்து, கைகால்களை நீட்டி, நெருப்பு உமிழும் யோகி அவன். பின்னணியில் யானைகள் நிற்கும். மேலைத்தேயம் கீழைத்தேயத்தைக் கற்பனை செய்த முறையை யப்பானிய வணிகமும் கைக்கொண்டதற்கு இது சான்று. நமது பிரதேசம் இவ்விளையாட்டிற் கேலிச்சித்திரமாக நுழைந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னரே உலக வெற்றியாளராக நுழைந்தது.

4

இனி இணுவிலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே சுன்னாகம் நோக்கிச் செல்லும்போது இடையில் அமைந்த இவ்வூர், புகையிலைத் தோட்டங்களாலும் கந்தசுவாமி கோயில் மஞ்சத்தாலும் அறியப்படுவது. அதனினும் மேலாக நாதசுர, தவிற் கலைஞரின் ஊராக அறியப்படுவது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975), இணுவிலைச் சேர்ந்த தவிற் கலைஞர் விசுவலிங்கத்தின் மகன். 2015இல் அம்சன் குமார் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

தெட்சணாமூர்த்தியைப் பற்றிய பேச்சிலும் தவக்கதையே முந்தி நிற்கின்றது. அவரது உழைப்பை ஒருவரும் மறுக்க முடியாது. எனினும் அவர் வாசித்த களத்தை நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணக் கோயில் திருவிழாக்களில் பல கூட்ட மேளம் அழைப்பது வழக்கம். இரவு முதிர முதிரச் சனம் தவிற் சமாவுக்காகக் காத்திருக்கும். ஒருவர் ஓர் ஆவர்த்தனம் வாசிப்பார். மற்றவர் அதே அளவில் மறுமொழி கொடுப்பார். பின்னர் அளவு குறையும். முழு ஆவர்த்தனம் பாதியாகி, காலாகி, இறுதியில் ஓர் அட்சரத்துக்குள் கேள்வியும் விடையும் முட்டிக்கொள்ளும். இதுவே குறைப்பு. ஈற்றில் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை வாசித்து முடிப்பர். குறைப்பில் நிற்பவருக்குச் சிந்திக்க நேரமில்லை. கைக்கு வீட்டிற் செய்த சாதகம் துணை. செவிக்கோ எதிரே இருப்பவரை வாசிக்கும் பழக்கமே துணை. மோதல் விளையாட்டின் மூன்று சட்டங்களும் தவிலின் ஓர் அட்சரமும் ஒரே வினாவையே எழுப்புகின்றன.

அக்கால இணுவிலிலும் அயலூரான அளவெட்டியிலும் ஒரு தலைமுறைக்குள் பல வித்துவான்கள் இருந்தனர். தமிழகத்துக் கலைஞர் பாக்குநீரிணையைக் கடந்து இங்கு வாசித்தனர். தெட்சணாமூர்த்தி அங்கு சென்று வாசித்தார். நிகரான எதிராளிகள் அருகிலும் கடலுக்கு அப்பாலும் இருந்தமையே அம்மேதைமையின் சமூக அடித்தளம் எனலாம்.

இதனைக் கூறுகையில் அச்சூழலைப் பொற்காலமாகப் போற்றும் தவற்றையும் தவிர்த்தல் வேண்டும். அக்கலை குலத்தொழிலாகச் சில குடும்பங்களுக்குள் அடைபட்டிருந்தது. கலைஞரை அழைத்துச் சன்மானம் வழங்கியோர் நிலவுடைமையாளர். மேடையிற் போற்றப்பட்ட கலைஞர் சமூக வாழ்வில் சமமாக நடத்தப்படவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பல கோயில்களின் கதவு அடைக்கப்பட்டிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் இதற்குச் சான்று. பெண்களுக்கு அம்மேடையில் இடமிருக்கவில்லை. எதிராளியாக நிற்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதைச் சாதியும் பால்வேறுபாடும் தீர்மானித்தன. எத்தனை கைகள் தவிலைத் தொடாமலே போயின என்பதை எந்த வரலாறும் பதிவு செய்யவில்லை.

5

‘ஸ்றீற் பைற்றர் 2’ வெளிவந்த 1991ஆம் ஆண்டில் இணுவிலின் நிலை யாது? 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து ஆண்டுக்கணக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. பொருளாதாரத் தடை நிலவியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. உலகின் பிற நகரங்களில் ஒரு தலைமுறை நாணயமிட்டு எதிராளியைத் தேடிய காலத்தில், இங்கு ஒரு தலைமுறை மண்ணெண்ணெய் விளக்கில் படித்தது. திருவிழாக்கள் சுருங்கின; கலைஞர் புலம்பெயர்ந்தனர்; பாக்குநீரிணைப் போக்குவரவு அறுந்தது. சமாவுக்கும் எதிராளி அருகினர்.

இன்று மின்சாரம் உண்டு, இணையம் உண்டு. இணுவிலில் ஓர் இளைஞன் ‘தெக்கென்’ போட்டிக்குப் பயில்கிறான் எனக் கொள்வோம். உலகமே அவனுக்கு எதிராளி என நிறுவனங்கள் கூறும். ஆனால் தூரம் ஒழிந்துவிடவில்லை. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். தோக்கியோ இங்கிருந்து நேர்க்கோட்டிலேயே 6,500 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. செய்தி ஒருமுறை செல்வதற்கே இரண்டு சட்டங்கள் கழியும். வடங்கள் வளைந்து செல்வதால் உண்மையிற் கூடுதலாகும். இதனை ஈடுசெய்யும் நுட்பங்கள் 2006 அளவில் தோன்றிப் பின்னர் பரவியுள்ளன. கணினி எதிரியின் அசைவை ஊகித்து வரைந்து, தவறெனின் பின்னோக்கித் திருத்திக்கொள்ளும். எனினும் தூரம் மிகும்போது திருத்தமும் மிகும். மூன்று சட்டங்களில் வெற்றி தோல்வி தீரும் ஆட்டத்தில், புவியியல் இன்றும் ஒரு சமத்துவமின்மையாகவே நிற்கின்றது.

கணினியே போதும் என வாதிடுவோர் 2017இன் ‘அல்பாகோ சீரோ’வைச் சுட்டுவர். மனிதர் ஆடிய ஓர் ஆட்டத்தையும் பாராது, தன்னோடு தானே ஆடி அது ‘கோ’ விளையாட்டில் முதன்மை பெற்றது. உண்மை. ஆனால் மூன்று நாளில் 49 இலட்சம் ஆட்டங்கள் ஆடியே அது அந்நிலையை அடைந்தது. மனித வாழ்நாள் அதற்குப் போதாது. மேலும் அவ்வியந்திரமும் எதிராளியின்றிக் கற்கவில்லை; தன்னையே இரண்டாக்கி எதிராளியை உண்டாக்கிக்கொண்டது. 2024இல் வெளிவந்த ‘தெக்கென் 8’, ஆட்டக்காரனின் பழக்கங்களைக் கற்று அவனைப் போலவே ஆடும் ஓர் ஆவியுருவை அவனுக்கு எதிரே நிறுத்துகின்றது. தன் குறைகளைக் காண இது நல்ல கண்ணாடி. ஆயினும் அது நேற்றைய ஆட்டத்தின் எச்சம். தோல்வியால் நெஞ்சு புண்பட்டு, இரவெல்லாம் எண்ணி, மறுநாள் வேறு மனிதனாக வந்து நிற்பது அதனால் இயலாது.

6

முடிவாக நோக்குமிடத்து, சாதகம் தனிமனிதனுக்கு உரியது. சமா சமூகத்துக்கு உரியது. முன்னையதைக் கணினி திறம்பட வழங்கும். பின்னையதை மனிதர் கூடுமிடமே வழங்கும். எனவே எமது இளைஞர் போட்டிகளில் ஏன் முன்னேறவில்லை என்ற வினாவுக்கு, அவர்கள் போதிய அளவு உழைக்கவில்லை என்ற விடை போதாது. அவர்களுக்கு எதிராளிகள் எங்கே என்று கேட்டல் வேண்டும். லாகூர் இளைஞருக்கு வாய்த்தது பெருஞ்செல்வமன்று. கூடுவதற்கு ஓரிடமும், தோற்றவன் மீண்டும் வந்து அமரும் வழக்கமுமே.

அத்தகைய இடங்கள் நமக்குப் புதியனவல்ல. குடாநாட்டுக் கிராமங்களில் சனசமூக நிலையங்கள் உள்ளன. பத்திரிகை வாசிக்கவும் அரசியல் விவாதிக்கவும் அவை பயன்பட்டன. அங்கே இரு கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஒரு திரையும் வைப்பது பெருஞ்செலவன்று. ஆனால் பழைய சமாக் களம் செய்த தவற்றை இப்புதிய களமும் செய்யலாகாது. எந்தக் குறிச்சியிலிருந்து வந்தவனாயினும், ஆணாயினும் பெண்ணாயினும், எதிரே அமரும் உரிமை எல்லார்க்கும் இருத்தல் வேண்டும். ஓர் ஊரில் எதிரே அமரத் தகுதியுடையோர் யார் என்பதை அவ்வூர் எவ்வளவு விரிவாக வகுத்துக்கொள்கின்றதோ, அந்த அளவுக்கே அதன் கலையும் ஆட்டமும் வளரும்.