தோட்டத்தோடு முடியாத கதை

புனித அகுஸ்தினாரின் ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலைப் படியாதோரும் அதன் ஒரு காட்சியை அறிவர். மிலான் நகரில் ஒரு தோட்டம். அத்தி மரத்தடியில் அழுது கிடக்கும் ஓர் ஆசிரியர். எடுத்துப் படிக்கத் தூண்டும் ஒரு குழந்தைக் குரல். திறந்த ஏட்டில் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13ஆம் அதிகாரம். இது நிகழ்ந்தது 386ஆம் ஆண்டில். நம் மறையுரைகளிலும் தியான மேடைகளிலும் இக்கதை பெரும்பாலும் இவ்விடத்திலேயே நிறுத்தப்படுகிறது. குழப்பம் தீர்ந்தது, அமைதி வந்தது என்று நாமும் நிறைவோடு எழுந்து போகிறோம்.

நூலோ அங்கே நிற்கவில்லை. 13 பகுதிகள் கொண்ட அந்நூலில் தோட்டம் வருவது 8ஆம் பகுதியில். எஞ்சிய ஐந்தையும் கேளாமல் விட்டதால் நாம் இழந்தது என்ன?

அகுஸ்தினாரின் குழப்பம் சோம்பேறியின் குழப்பம் அன்று. பத்தொன்பதாம் வயதில் சிசரோவின் நூலொன்றைப் படித்த நாள் முதல் ஞானத்தின் மீது காதல் கொண்டவர் அவர். தீமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மானிக்கேயர் தயாராய் ஒரு விடை வைத்திருந்தனர்: தீமை வேறொரு ஆற்றலின் வேலை, நீ அதற்குப் பொறுப்பில்லை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவ்விடையின் நிழலில் அவர் தங்கினார். அதுவும் ஒருவகை அமைதிதான். ஆனால் அவர்களது பெரிய ஆசான் பாவுஸ்துவைக் கார்த்தேஜில் நேரில் கண்டபோது, இனிய பேச்சு இருந்தது, விடை இல்லை. பின்னர், எதையும் உறுதியாய் அறிய இயலாது என்ற ஐயவாதிகளின் பக்கம் சாய்ந்தார். அங்கும் உள்ளம் தங்கவில்லை. உண்மையின் பொருட்டுப் பொய்யமைதியை இருமுறை இழக்கத் துணிந்தவர் என்பதே அவரிடம் நாம் முதலில் கற்க வேண்டியது. உடனடி ஆறுதலை நாடிக் கூட்டத்திற்குக் கூட்டம் அலையும் நமக்கு இப்பாடம் கசப்பானது, எனினும் தேவையானது.

இனி 10ஆம் பகுதிக்கு வருவோம். இதை எழுதும்போது அவர் திருமுழுக்குப் பெற்றுப் பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ஹிப்போ நகரின் ஆயராகவும் இருக்கிறார். வாசகர் எதிர்பார்ப்பது வெற்றி முழக்கம். அவர் தருவதோ தம் இன்றைய நிலையின் கணக்கு. உறக்கத்தில் எழும் பழைய நினைவுகள், உணவின் மீதுள்ள நாட்டம், புகழ்ச்சியில் உண்டாகும் மகிழ்ச்சி, ஆலயத்தில் திருப்பாடல் கேட்கும்போது பொருளை விட்டு இசையில் மயங்கும் மனம் என ஒன்றையும் மறைக்கவில்லை. ‘அன்று குருடன், இன்று பார்க்கிறேன்’ என்று இரு கூறாக வெட்டிச் சொல்லும் நம் சாட்சிகளுக்கும் இதற்கும் எத்துணைத் தொலைவு! தியானம் முடித்து வீடு திரும்பிய சில வாரங்களில் பழைய குழப்பம் தலைகாட்ட, ‘என் மனமாற்றமே பொய்யோ’ எனக் கலங்குவோரை நாம் அறிவோம். நாமே அவர்களுள் இருந்ததும் உண்டு. அவர்களுக்கு 8ஆம் பகுதியைவிட 10ஆம் பகுதியே மருந்து. அமைதி என்பது போராட்டம் ஓய்ந்த நிலையன்று. போராட்டத்தை ஒளிக்காமல் ஒருவர் முன் வைக்க முடிகின்ற நிலை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பல்லாண்டுகள் அவரோடு வாழ்ந்து, அதேயொதாத்து என்னும் மகனை ஈன்ற பெண்மணி, அவருக்கு நிச்சயிக்கப்பட்ட திருமணத்திற்குத் தடையென ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். வேறு ஆடவரை நாடுவதில்லை என்று அவர் நேர்ந்துகொண்டதையும், தாம் அவ்வாறு இராமல் வேறொருத்தியை நாடியதையும் அகுஸ்தினார் ஒளிக்காமல் எழுதுகிறார். ஆயினும் அப்பெண்ணுக்கு இந்நூலில் பெயர் இல்லை. அன்னை மோனிக்காவின் கண்ணீரைப் போற்றும் நாம், இப்பெயரற்றவளின் கண்ணீரை ஒருமுறையேனும் நினைத்தோமா? ஒருவர் தம் அமைதியைத் தேடும் வழியில் மற்றொருவர் தள்ளி வைக்கப்பட்டிருந்தால், அந்த அமைதி அவரையும் நினைவில் கொள்ள வேண்டும். இங்கே நூல் நம்மை நிறைவுசெய்யவில்லை. ஆனால் அவரது நேர்மையே இக்கேள்வியை எழுப்ப நமக்கு இடந்தருகிறது.

இந்நூலின் இலத்தீன் தலைப்பிலுள்ள சொல் பாவத்தை ஒப்புக்கொள்வதையும் இறைவனைப் புகழ்வதையும் ஒருங்கே குறிக்கும். நம் முன்னோர் ஒப்புரவு அருட்சாதனத்தைப் ‘பாவசங்கீர்த்தனம்’ என்றனர். சங்கீர்த்தனம் என்றால் போற்றிப் பாடுதல் அல்லவா! நம் பாட்டிமார் சனிக்கிழமை மாலைகளில் எளிதாய்ச் சொல்லிப் போன அச்சொல்லில் இந்நூலின் உள்ளுறை முழுவதும் அடங்கியிருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்வதே உண்மை. அதை அன்புள்ளவர் முன் சொல்வதே அமைதி.

இந்நூல் ஓய்வு நாளைப் பற்றிய சிந்தனையுடன், வருங்கால நம்பிக்கையாகவே முடிகிறது. அகுஸ்தினாரும் ஓய்வை அடைந்துவிட்டதாகச் சொல்லவில்லை, எதிர்நோக்கி நிற்கிறார். தோட்டத்தில் விட்ட இடத்திலிருந்து நாமும் இந்நூலை மீண்டும் எடுத்துப் படிப்போம்.